காக்கித் துணியில் ஒரு கேரம் பலகை

1997-ஆம் ஆண்டில், எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ‘இரண்டாம் ஷிப்ட்’ என்று பெயரிட்டு நான் வரைந்த ஓவியம், பெரம்பூர் பின்னி மில்லில் நெய்த காக்கி ட்ரில் துணியின் மீது வரையப்பட்டது. ஐந்தடி அகலம், நான்கடி உயரம். கீழ்ப்பாதியின் நடுவில் ஒரு கேரம் பலகை இருக்கிறது. அதை மட்டும் நேர் மேலிருந்து பார்ப்பதுபோல் முழுச் சதுரமாக வரைந்திருக்கிறேன். அதன் நான்கு பக்கங்களிலும் நான்கு ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரிலும் இரு புறங்களிலும் இருப்பவர்களின் முகங்கள் தெரிகின்றன. நமக்கு அருகில் இருப்பவரின் முதுகு மட்டும் தெரிகிறது. நால்வரில் ஒருவரும் பலகையைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நீண்ட மதில், மதிலுக்கு மேலே ஒரு புகைபோக்கி, வலது மூலையில் திறந்து வைத்த மூன்றடுக்கு டிபன் கேரியர். படத்தில் உள்ளவை இவ்வளவுதான்.

நெடுங்காலம் ஒருவர் வீட்டுச் சுவரில் இருந்த அந்த ஓவியம், ஒரு கண்காட்சியை முன்னிட்டு இப்போது பழுதுபார்ப்புக்கு வந்திருக்கிறது. அதிலுள்ள குறியீடுகளை ஒரு பக்கத்திற்குள் விளக்கித் தருமாறு அமைப்பாளர்கள் கேட்டார்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு பக்கத்தில் அடங்காதவற்றை இங்கே எழுதுகிறேன். மாணவர்களாக இருந்தபோது குறியீடு என்பதை நாங்கள் மிகத் தாராளமாகப் புழங்கினோம். படத்தில் ஒரு காகம் உட்கார்ந்தால் அதற்கும் ஒரு தத்துவம் சொல்லாமல் விடமாட்டோம். ஒரு பொருள் எப்போது குறியீடாகிறது, யாருக்கு ஆகிறது என்ற கேள்விக்கு இந்த ஒரே படம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத விடைகளை எனக்குத் தந்து வந்திருக்கிறது.

துணியிலிருந்து தொடங்குவதே முறை. என் தந்தை அந்த ஆலையின் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனித்தனியாக எழுந்து 1920-ல் ஒன்றாக இணைக்கப்பட்ட ஆலை அது; ஆவணங்களில் பி அண்ட் சி, எங்கள் பக்கத்தில் பின்னி மில். 1996-ல் அது மூடப்பட்டது. கால்சட்டை தைப்பதற்காக எடுத்து வைத்திருந்த காக்கி ட்ரில் துணி ஒன்று எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தது. கல்லூரியில் நாங்கள் வழக்கமாகக் காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சித் தடவி, அதன் மேல் வெள்ளைப் பூச்சு ஏற்றி, பிறகுதான் வண்ணத்தைத் தொடுவோம். இந்தத் துணிக்கு வஜ்ஜிரம் மட்டும் தடவினேன். எண்ணெய் நேரடியாகப் பட்டால் பருத்தி மக்கிவிடும் என்பதால் அதைத் தவிர்க்க இயலாது. வெள்ளைப் பூச்சைத் தவிர்த்துவிட்டேன். ஆகவே படத்தின் பெரும்பகுதியில் தெரியும் காக்கி, தூரிகை தொடாத துணியின் நிறம். ட்ரில் நெசவுக்கே உரிய சாய்வான வரிகள் மதிலிலும் மனிதர்களின் நிழல்களிலும் ஓடுகின்றன. நிழல் என்று தனியாக எதையும் நான் தீட்டவில்லை, துணியை அப்படியே விட்டிருக்கிறேன்.

சீருடைக் காக்கிக்கு ஒரு பழைய சாயமுறை உண்டு. இரும்பு உப்பையும் குரோமியம் உப்பையும் பருத்தி இழையில் ஏற்றி, அவை இழைக்குள்ளேயே ஆக்சைடுகளாகப் படியுமாறு செய்வார்கள். இரும்பு மஞ்சள் கலந்த பழுப்பைத் தரும், குரோமியம் பச்சையைத் தரும், இரண்டும் சேர்ந்தால் வெயிலுக்கும் சலவைக்கும் அசைந்து கொடுக்காத காக்கி கிடைக்கும். பின்னாளில் வாட் (vat) எனப்படும் வேறு வகைச் சாயங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஓவியரின் பெட்டியில் இருக்கும் யெல்லோ ஓக்கரும் குரோமியம் ஆக்சைடு பச்சையும் அதே இரும்பிலிருந்தும் அதே குரோமியத்திலிருந்தும் வருபவைதாம். என் தந்தையின் பிழைப்புக்கும் என் பிழைப்புக்கும் நடுவே இப்படி ஓர் உறவு இருப்பதை வேதியியல் படித்த நண்பர் ஒருவர் பின்னர்ச் சொல்லித்தான் அறிந்தேன். அந்தப் படத்தில் இன்றும் எனக்கு அலுக்காத பகுதி எதுவென்று கேட்டால், வண்ணமே படாத துணிப்பரப்பைத்தான் காட்டுவேன்.

அந்த நிறத்தை மற்றவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பது வேறு கதை. கல்லூரியின் ஆண்டுக் கண்காட்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் காக்கியைப் போலீஸ் என்றே கொண்டார்கள். அதற்கு வரலாற்றின் துணையும் இருக்கிறது. 1918 ஏப்ரல் 27 அன்று இந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று நடத்திய அச்சங்கத்தை, இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று சொல்வார்கள். 1921-ல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள், உயிர்கள் போயின. காக்கி நெய்தவர்களைக் காக்கி உடுத்தியவர்கள் சுட்ட கதைதானே இது என்று ஒரு பார்வையாளர் என்னிடம் கேட்டார். நல்ல வாக்கியம், யாரும் ஒரு கணம் நின்று கேட்பார்கள். ஆனால் என் படத்தில் சீருடை அணிந்தவர் எவருமில்லை, நால்வரும் பனியனும் கைலியுமாக இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் காக்கி என்றால் சம்பளம். தலையணை உறை, பள்ளிக்கூடப் பை, சன்னல் திரை என்று எங்கும் அந்தத் துணியின் துண்டுகளே கண்ணில் படும். அதைப் பார்த்து அஞ்சிய நினைவு எனக்கில்லை. வந்தவருக்கு அச்சத்தின் நிறமாகத் தெரிந்தது எனக்கு வீட்டின் நிறமாக இருந்தது. இரண்டையும் அதே துணி தாங்கிக்கொண்டது.

ஆண்கள் நால்வர் என்பதை நான் தெரிந்தேதான் முடிவு செய்தேன். எங்கள் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்து, 1959 குடியரசு நாளுக்கு முந்தைய நாளில் மெரினாவில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையிலும் நான்கு ஆண்கள் இருக்கிறார்கள். பெரும்பாறை ஒன்றை நெம்புகோல் கொண்டு பெயர்க்கும் அவர்களின் உடல்கள் ஒரே வேலைக்காக முறுக்கேறி நிற்கின்றன. அந்தச் சிலையைக் கண்டு வளராத சென்னைப் பிள்ளைகள் குறைவு. சிற்பம் என்ற வகையில் அதன் மீது எனக்கு மதிப்பும் உண்டு. ஆயினும் நான் அறிந்த உழைப்பு அப்படி இருந்ததில்லை. நெசவுப் பிரிவில் வேலை செய்பவர் தறிகளுக்கு இடையே நடந்துகொண்டே இருப்பார். எங்கே இழை அறுகிறது என்று கண் தேட வேண்டும், அறுந்ததை விரல் முடிய வேண்டும், காது மட்டும் அந்த இரைச்சலில் ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும். அந்த வேலையைச் சிலையாக வடித்தால் தசைகளைக் காட்ட இடமிருக்காது. கண்ணைத்தான் காட்ட வேண்டியிருக்கும். அதனால் சிலையின் நால்வரை எடுத்துக்கொண்டு, பாறையை அகற்றிவிட்டு, அவர்களை உட்கார வைத்தேன். உடல்களின் ஒரே திசையைப் பிரித்து நான்கு பார்வைகளாக ஆக்கினேன். பார்த்த ஆசிரியர்களுக்குச் சிலை உடனே நினைவுக்கு வந்தது. அந்த அளவில் அந்தக் குறியீடு தன் வேலையைச் செய்தது.

சங்க வேலையில் பல காலம் இருந்த பெரியவர் ஒருவர் அந்த நான்கு பார்வைகளை வேறு விதமாகப் படித்தார். “நாலு பேரும் நாலு பக்கம் பாக்குறாங்களே, இது இருபத்தொண்ணாம் வருஷம்தானே?” என்றார். அந்த வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குச் சென்றார்கள். சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆதிதிராவிடர் தலைவரான எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்று பேசினார். வேலைக்குச் சென்றவர்களைக் கருங்காலிகள் என்று ஒரு வரியில் முடித்துவிடும் கதையைத்தான் நான் சிறுவயதில் மேடைகளில் கேட்டிருந்தேன். ஊருக்குள் எந்த வீட்டிலும் தங்களைச் சேர்த்துக்கொள்ளாதவர்கள் ஆலை வாசலில் மட்டும் தோழர்களாகும்படி கேட்டால், அந்த மனிதர்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று அந்த மேடைகளில் எவரும் கேட்டதில்லை. பெரியவர் கேட்டார். அவர் சொன்ன பிறகு என் படத்தை அந்த ஆண்டை விலக்கிவிட்டு என்னால் பார்க்க முடியவில்லை. நான்கு உடல்களும் ஒரே பாறையைத் தள்ளும் அமைப்பில் 1918-க்கு இடமிருக்கிறது, 1921-க்கு இல்லை. ஒரு பலகையின் நான்கு பக்கங்களில் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

இனி, பலகை. அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் அந்தச் சதுரத்தை, தெய்வ வழிபாட்டுக்கு வரையும் யந்திரம் என்றார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963-ல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில், ஜாதகக் கட்டங்கள் போன்ற சதுரங்களும், எழுத்துப் போலத் தோன்றி வாசிப்புக்குச் சிக்காத வரிகளும், கணிதக் குறிகளும் படப்பரப்பெங்கும் நிறைந்திருக்கும். அவற்றில் எந்தக் குறிக்கும் பொருள் கேட்க முடியாது. கண்ணுக்கு மட்டும் உரியவையாக அவை இயங்குவதே அந்த ஓவியங்களின் வலிமை. 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அவர் தோற்றுவித்த பிறகு அந்த வழி இன்னும் பரவியது. எங்கள் காலத்திற்கு வந்து சேர்ந்தபோது அது பழக்கமாகிவிட்டிருந்தது. கோலம், சக்கரம், சுவடி எழுத்து ஆகிய மூன்றில் ஒன்றேனும் இல்லாத மாணவர் ஓவியத்தைக் காண்பது அரிது. அந்தச் சூழலில், சதுரத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் வட்டம், நான்கு மூலைகளிலிருந்தும் உள்நோக்கிப் பாயும் அம்புகள் என்று ஒன்றை நேர் மேலிருந்து வரைந்தால் அது யந்திரமாகத்தானே தெரியும்? எந்தத் தெய்வத்தின் சக்கரம் இது என்று ஒருவர் மிகுந்த பணிவோடு கேட்டார். தெருமுனைக் கேரம் கிளப்பின் சக்கரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இராயபுரம், வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும், ஒரு ட்யூப் லைட்டைத் தாழ்வாகத் தொங்கவிட்டு, போரிக் பவுடர் தூவிய பலகையைச் சுற்றி ஆட்கள் நிற்கும் காட்சி சாதாரணம். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் இருமுறை உலக வாகையரானார். கேரம் ஆட்டத்திற்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் வீரரும் அவரே. அந்த விருது 1996-க்குரியது, ஆலை மூடிய அதே ஆண்டு. ஆலை ஓடிய நாட்களில் எங்கள் தெருவில் பலகை இரவில்தான் வெளியே வரும். மில் சங்கு ஊதி, ஷிப்ட் முடிந்து, குளித்துச் சாப்பிட்ட பிறகு ஆட்டம். ஆலை மூடிய பின் பலகை காலை பத்து மணிக்கே வெளியே வந்தது. நான் வரைந்தது அந்தக் காலையை. படத்தில் நிழல்கள் குட்டையாக விழுகின்றன, தொங்கும் விளக்கு எரியவில்லை. ‘இரண்டாம் ஷிப்ட்’ என்ற பெயரையும் அந்த வெயிலையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு வேறெந்த விளக்கமும் தேவையில்லை என்று அப்போது எண்ணினேன். கல்லூரியில் ஒருவரும் வெயிலைக் கவனிக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லாரும் முதலில் அதைத்தான் கவனித்தார்கள்.

வண்ணம் காய்வதற்காகப் படத்தை வீட்டு மொட்டை மாடியில் சாய்த்து வைத்திருந்தபோது, ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற அண்டை வீட்டுக்காரர் மேலே வந்தார். புகைபோக்கியை ஏறிட்டும் பார்க்கவில்லை. பலகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, காய்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் எண்ணினார். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவில் சிவப்பு என்று கணக்கு சரியாக வந்ததும் தலையசைத்தார். பிறகு கேட்டார்: “இன்னா தம்பி, காயெல்லாம் அடுக்கின மேனிக்குக் கீது, ஆட்டமே ஆரம்பிக்கலியா?”

நான் காய்களை ஆட்டத் தொடக்கத்தில் அடுக்கும் முறையிலேயே வரைந்திருந்தேன். வட்டத்துக்குள் வட்டமாக அமையும் அந்த ஒழுங்கு அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. அவருக்கோ அந்த அடுக்கு ஒரு செய்தியாக இருந்தது. வெள்ளைக் காய்களைக் கவட்டை போல் வைப்பார்கள். கவட்டையின் இரு கிளைகளும் எதிர்ப்பக்கத்துப் பைகளை நோக்கி விரிந்திருக்கும், அடிப்பகுதியின் பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் அடித்துக் கலைக்க வேண்டும். தெருவில் கண்டதை அப்படியே வரைந்திருந்ததால் என் படத்திலும் கவட்டை ஒழுங்காக அமைந்திருந்தது. அவர் விரலால் அதைத் தொடாமல் சுட்டிக்கொண்டே வந்து, முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவரிடம் நிறுத்தினார். இவன்தான் அடிக்கணும், எதிரில் இருக்கிறவன் இவனுக்குப் பார்ட்னர், அவன் ஏன் எங்கேயோ பார்க்கிறான் என்றார். அந்த முதுகுக்கு நான் மாதிரியாகக் கொண்டது என் தந்தையின் முதுகை. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே கண்டுகொண்டாரா என்பது அவர் முகத்தில் தெரியவில்லை.

கண்காட்சிக்கு வந்தவர்கள் அதே முதுகைத் தோல்வி என்றார்கள், உலகத்துக்குக் காட்டிய மறுப்பு என்றார்கள். ஆலை மூடியதைப் பற்றிய படம் என்பதால் எல்லாமே முடிவைச் சொல்லும் என்ற எதிர்பார்ப்போடு வந்தவர்கள் அவர்கள். மேஸ்திரிக்குப் படத்தில் எதுவும் முடிந்திருக்கவில்லை. ஒரு மனிதர் தன் முறை வந்தும் ஸ்ட்ரைக்கரைச் சுண்டாமல் இருக்கிறார், மற்ற மூவரும் காத்திருந்து கவனம் சிதறிவிட்டார்கள். இரண்டு வாசிப்புகளில் அவருடையதையே நான் வைத்துக்கொண்டேன். அதில் வருத்தம் குறைவு என்பதற்காக அல்ல. உண்மையில் அதில் வருத்தம் கூடுதல். படத்திலுள்ள பொருள்களை விட்டு விலகாமல் அவர் அதை அடைந்தார் என்பதற்காக.

திருவொற்றியூர்க் கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. கையில் கரும்போடு நிற்கும் உருவத்தைக் கண்டால் எங்கள் பக்கத்துக் குழந்தையும் பட்டினத்தார் என்று சொல்லும். நுனிக்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே அவருக்கு முக்தி, அது ஒற்றியூரில் இனித்தது என்ற கதையும் கூடவே வரும். அந்தக் கரும்பை யாரும் நின்று ஆராய்வதில்லை. கண்டதும் ஆளைத் தெரிந்துகொள்கிறார்கள். தெரிந்துகொண்ட பிறகு, கசப்பு எப்படி இனிப்பாயிற்று என்று அவரவர் வாழ்க்கைக்கு ஏற்றபடி யோசிக்கிறார்கள். முருகனின் வேலும் அப்படித்தான். நம் சிற்ப மரபில் குறி என்பது இந்த அளவுக்கு வெளிப்படையானது. அது ஒளித்து வைத்த பொருள் என்றும், கண்டுபிடிப்பது பார்ப்பவரின் கடமை என்றும் எங்களுக்குக் கற்பித்தது வேறொரு மரபு. அந்த மரபையும் நான் தள்ளவில்லை, அதில் பயின்றுதான் ஓவியனானேன். ஆனால் மேஸ்திரி பலகையைப் பார்த்த விதம் கரும்பைப் பார்க்கும் விதம். முதலில் அறிந்துகொண்டார், அறிந்ததனால் உள்ளே போக முடிந்தது. யந்திரம் என்றவர்கள் வாசலிலேயே ஒரு விளக்கத்தைக் கண்டடைந்து திரும்பிப் போனார்கள்.

டிபன் கேரியரைப் பற்றி எழுத அதிகமில்லை. ஓர் அடுக்கில் பஞ்சு, அடுத்ததில் தண்ணீர், மூன்றாவது காலி. இருபத்திரண்டு வயதில் எவரும் வரையக்கூடியது. தெருவில் பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரித்தது நியாயம்.

புகைபோக்கி அதைவிடச் சிக்கலானது. ஆலை மூடியதைச் சொல்லும் படத்தில் புகை வராத புகைபோக்கி என்பது யாருக்கும் முதலில் தோன்றும் குறி. இப்போது பார்க்கையில் படத்திலேயே வலுக்குறைந்த பகுதி அதுதான். போதாததற்கு, ஆலை மூடிய பிறகு அந்த வளாகத்தைச் சினிமா எடுத்துக்கொண்டது. சண்டைக்காட்சிகளும் பாட்டுகளும் அங்கே படமாயின. இடிந்த சுவரும் துருப்பிடித்த இரும்பும் வேண்டிய கதைகளுக்கெல்லாம் பின்னி மில் ஒரு பொது முகவரி ஆயிற்று. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. திரையில் பல நாயகர்கள் ஓடி முடித்த இடத்தை என் படத்தில் காணும் ஒருவர், அங்கே சங்குக்கு எழுந்து சங்குக்குத் தூங்கியவர்களை நினைக்க வேண்டும் என்று கேட்பது சற்று அதிகப்படி.

ஆனால் எண்ணெய் அந்தப் புகைபோக்கியைச் சும்மா விடவில்லை. முதலில் வரைந்த வரைவில் புகை இருந்தது. இடப்பக்கமாகச் சாயும் சாம்பல் நிறத்தை வானத்தின் மேல் நன்றாகவே இழுத்திருந்தேன். பிறகு அதன் மேல் துத்தநாக வெள்ளை கலந்த மெல்லிய பூச்சைக் கொடுத்து மறைத்தேன். ஆளிவிதை எண்ணெய் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒளியை மேலும் வளைக்கத் தொடங்கும். அப்போது எண்ணெய்க்கும் அதனுள் இருக்கும் வெள்ளை நிறமிக்கும் இடையிலான வேறுபாடு குறைந்து, மேற்பூச்சு மறைக்கும் ஆற்றலை இழக்கும். அடியில் இருப்பவை தலைகாட்டும். பழைய ஓவியங்களில் இது நன்கு அறியப்பட்ட நிகழ்வு. மலிவான மாணவர் வண்ணத்தில், மெல்லிய பூச்சில், விரைவாகவே நடந்துவிட்டது. இப்போது என் புகைபோக்கியிலிருந்து மங்கலாகப் புகை வருகிறது. பழுதுபார்ப்பவர் அதை மூடிவிடலாமா என்று கேட்டார். மறுத்துவிட்டேன். பார்ப்பவர் எவரும் இனி அதை முடிவின் குறி என்று எளிதாகச் சொல்ல முடியாது என்பதில் எனக்கு ஒரு சிறு திருப்தியும் உண்டு.

பலகையின் பொருளும் இதற்கிடையில் மாறிவிட்டது. தண்டையார்பேட்டையில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுக்கிறேன். பழுதுபார்ப்புக்கு முன் எடுத்த புகைப்படத்தை அவர்களிடம் காட்டினேன். பெரிய பையன் ஒருவன் உற்றுப் பார்த்துவிட்டு, “இதுல யாரு யாரைப் போடப் போறாங்க சார்?” என்றான். கேரம் பலகையையும் கத்தியையும் ஒரே சட்டகத்தில் காட்டி அவனைப் பழக்கியது திரை. எங்கள் பகுதிக்குக் கத்தியைத் தவிர வேறு அடையாளம் கிடையாது என்று தீர்மானித்துவிட்டவர்களிடம் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. இருந்தாலும் அவன் கேள்வியை முற்றிலும் தவறு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. நால்வரின் தவிர்க்கும் பார்வையில் ஏதோ பதற்றம் இருக்கிறது என்பதை அவன் சரியாகவே கண்டிருந்தான்.

அவனுக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி வேறொன்றைச் சொன்னாள். துணியின் நிறத்தைக் காட்டி, இது எங்க அப்பாவோட ஆட்டோ சட்டை என்றாள். பலகையைக் காட்டி, காசிமா அக்கா ஆடுறது என்றாள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா வடசென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவர் வென்று திரும்பிய நாளில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் பேச்செல்லாம் அதுவாகத்தான் இருந்தது. ஆகவே அந்தச் சிறுமி புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை. காக்கியும் கேரமும் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பதை அவள் அறிவாள். என் வீட்டில் அவை சேர்ந்த விதமும் அவள் அறிந்த வீட்டில் சேர்ந்த விதமும் வேறு. படத்தில் ஒரு பெண்ணும் இல்லையே, ஏன் என்று அவள் அடுத்துக் கேட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் தெருப் பலகையில் பெண்கள் ஆடியதில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவளுக்கு அது போதுமான விடையாகப் படவில்லை.

பழுதுபார்ப்பில் இன்னும் ஒரு முடிவு எஞ்சியிருந்தது. சட்டத்தில் ஆணி அடித்த விளிம்புகளில் துணி நைந்து கிழியத் தொடங்கிவிட்டது. முழுப் படத்துக்கும் பின்னால் புதிய லினன் துணியை ஒட்டி வலுப்படுத்துவது வழக்கமான முறை. ஆனால் படத்தின் பின்புறம், இடது கீழ்மூலையில், கரையோரமாக ஆலையின் முத்திரை இருக்கிறது. துணியின் தரத்தையும் ஆலையின் பெயரையும் நீல மையில் குத்திய சாதாரண வணிக முத்திரை. முன்னால் நின்று பார்ப்பவருக்கு அது ஒருபோதும் தெரியாது. லினன் ஒட்டினால் அது மறைந்துவிடும். பழுதுபார்ப்பவரோடு பேசி, விளிம்புகளுக்கு மட்டும் பட்டைப் பட்டையாகத் துணி ஒட்டி இழுத்துக் கட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த முறையில் தாங்கும் ஆண்டுகள் குறைவுதான் என்று அவர் எச்சரித்தார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். வேலை அடுத்த மாதம் முடியும்.